அண்டை வீட்டைவிட அதிகம்

அவர் எதையும் நின்றுகொண்டு படித்ததில்லை. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கழுத்தில் தொங்கும் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொள்வார். மேலே அச்சடித்த முகவரியில் தொடங்கி, அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் நிபந்தனைகள் வரைக்கும் வாய்விட்டுப் படிப்பார். நடுவில் யாராவது, "அது கெடக்கட்டும்க்கா, மேட்டர் இன்னான்னு சொல்லு" என்றால் காகிதத்தை மேசையில் வைத்துவிடுவார்.

"மேட்டரு வேணும்னா டீக்கடைக்குப் போ. இங்க லெட்டரு."

ஆரணிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பட்டுக்கடைகளுக்குப் போகும் சந்து ஒன்றில் அவருடைய கடை இருந்தது. இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் எந்திரம், மேசைக்காலோடு பட்டு நூலால் கட்டிய ஸ்டேப்ளர். ஐந்து நிமிடம் ஆள் வராவிட்டால் ஜெராக்ஸ் எந்திரத்தை அணைத்துவிடுவார். அடுத்து வருபவர் அது மறுபடி சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். மின்விசிறி வாடிக்கையாளர் நாற்காலிக்கு மேலே மட்டும். அவர் உட்காரும் பக்கம் ஒரு பனையோலை விசிறி.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. கேட்டால் சம்மதித்திருப்பார், எழுதியது முழுவதையும் படித்த பிறகு. கேட்கும் முகம் எனக்கில்லை.

ஒரு நாளிதழின் ஆரணிச் செய்தியாளனாக நான் இருந்த ஆறு ஆண்டுகளும் என் செய்திகள் அந்தக் கடையிலிருந்துதான் போயின. களம்பூரில் ஓர் அரிசி ஆலைக் கிடங்கு தீப்பிடித்தபோது, ஏராளமான மூட்டைகள் நாசம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஏராளம்னா எத்தினி தம்பி?"

"நிறைய இருக்கும்க்கா. எரிஞ்சுபோனத எப்படி எண்றது?"

"எரியாதத எண்ணு. மொத்தத்துல கழி."

கடைசிப் பேருந்துக்கு நேரம் இருந்தது. திட்டிக்கொண்டே களம்பூருக்குத் திரும்பிப் போனேன்.

இன்னொரு நாள் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வந்தார். வங்கிக் கடிதம் ஒன்றில் தேதியை மட்டும் மாற்றி நகல் எடுத்துத் தர வேண்டும். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். இவர் உட்கார்ந்தார், கண்ணாடியை மாட்டினார், கடையில் இருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படி அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். தேதி வந்த இடத்தில் இரண்டு தடவை படித்தார். முதலாளி காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு இவர், "எனக்கு அஞ்சு நிமிஷ வேல. செஞ்சிருந்தா அப்புறம் இந்தக் கடைல அச்சடிச்சு வர்ற எதையாவது எவனாவது நம்புவானா?" என்றார்.

நாளிதழ் ஊர்ச் செய்தியாளர்களைக் குறைத்தபோது நான் சென்னைக்குப் போனேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லி வீடுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஒரு தனியார் நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. தலைப்புப் போடத் தெரிந்தவன் என்பது தகுதி. பணம் மிச்சமாகும் என்று சொன்னால் மக்கள் விளக்கை அணைப்பதில்லை, பூமி பிழைக்கும் என்று சொன்னாலும் அணைப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரன் உன்னைவிடக் குறைவாக எரிக்கிறான் என்று சொன்னால் அணைத்துவிடுகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் அஸ்திவாரம். மீட்டரில் அளவு எடுத்ததும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் போகும். உங்கள் வீடு இவ்வளவு, அண்டை வீடுகள் சராசரியாக இவ்வளவு. குறைவாக எரித்த வீட்டுக்குச் சிரிக்கும் பச்சை முகம். அதிகம் எரித்த வீட்டுக்கு உதடு பிதுக்கிய சிவப்பு முகம். அந்த முகங்களுக்குக் கீழே என் வரிகள்.

'உங்கள் அண்டை வீட்டார் தூங்குகிறார்கள். உங்கள் வீடு மட்டும் விழித்திருக்கிறது.' இது நான் எழுதியது. சென்ற ஆண்டைவிட அதிகம் எரித்த வீடுகளுக்காக இன்னொரு வரியும் எழுதினேன்: 'ஒரு வருடத்தில் உங்கள் வீட்டுக்குப் புதிதாக என்ன வந்தது? யோசியுங்கள்.' ஏ.சி., பெரிய ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் இவற்றை மனதில் வைத்து எழுதிய வரி அது.

எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்று ஓர் எண் வரும். அதற்கு எங்கள் அலுவலகத்தில் ஈடுபாடு என்று பெயர். மற்ற ஊர்களில் பாதிப் பேர் திறந்தாலே மேலாளர் சிரிப்பார். ஆரணியில் ஒன்றுகூட விடாமல் திறக்கப்பட்டன. காலை பத்து மணிக்குத் தொடங்கி வரிசையாக, ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம். நெசவாளர்கள் நிறைந்த ஊரில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இயல்பாகவே அதிகம் என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எங்கள் கடிதங்கள் 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற முகவரியிலிருந்து போகும். மீறி யாராவது பதில் போட்டால் அது ஒரு பெட்டியில் விழும். அந்தப் பெட்டியைத் திறப்பது யாருடைய வேலையும் இல்லை. ஏதோ பழைய கோப்பைத் தேடியபோது ஒரு நாள் நான் அதைத் திறந்தேன். நூற்றுக்கு மேல் பதில்கள். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து. அந்த முகவரி எனக்கு மனப்பாடம். ஆறு ஆண்டு என் செய்திகள் அதிலிருந்துதான் போயின.

'கதவு எண் 12. இந்த வீட்டில் பெரிய கிரைண்டர் ஓடுகிறது. தெரு முழுவதற்கும் இட்லி மாவு இவர்கள்தான் அரைத்துத் தருகிறார்கள். அண்டை வீடுகளில் குறைவாக எரிவது அதனால்தான். சிவப்பு முகத்தைத் திரும்பப் பெறவும்.'

'கதவு எண் 31. இந்த வீட்டுக்காரர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. வீடு பூட்டியிருக்கிறது. நீங்கள் அவரைச் சிக்கனமானவர் என்று பாராட்டி, இதேபோல் தொடரச் சொல்லியிருக்கிறீர்கள். தொடர்வார்.'

'கதவு எண் 8. பதில் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குறியும் போட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை எடுத்துவிடவும்.'

நடந்தது இதுதான். எங்கள் திட்டத்தில் பெயரைப் பதிவு செய்பவர்களுக்கு இரண்டு எல்.இ.டி. பல்பு இலவசம் என்று அறிவித்திருந்தோம். படிவத்தில் மீட்டர் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கட்டாயம். தறிக்காரர்களின் தெருக்களில் செல்போன் இல்லாத வீடு இல்லை, மின்னஞ்சல் பார்க்கிற வீடு ஒன்றும் இல்லை. எல்லாரும் இவர் கடைக்கு வந்தார்கள். இவர் எல்லாப் படிவத்திலும் கடையின் முகவரியைப் போட்டார். அந்த ஊரில் மின்னஞ்சல் கேட்கும் எல்லாப் படிவத்துக்கும் பல வருடமாக அதுதான் வழக்கம். ஒரே முகவரி இத்தனை தடவை வருகிறதே என்று எங்கள் படிவம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆரணியின் விழிப்புணர்வு என்று நாங்கள் கைதட்டியது, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்த ஒரே ஓர் அம்மாளுக்கு.

படித்ததோடு அவர் விடவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்தார். கடைக்கு வருபவர்களை உட்காரவைத்துப் படித்துக்காட்டினார். வராதவர்களின் வீட்டுக்குப் போனார். ஒரு நீளமான நோட்டில் கதவு எண், பொருள், பெற்றுக்கொண்டவர் என்று மூன்று கட்டம் போட்டு, கையெழுத்து வாங்கினார். "முழுசாக் கேக்காம கையெழுத்துப் போடாத" என்று அதட்டுவார். எங்கள் கடிதங்கள் மேல் அவருக்கு அவ்வளவு கோபம் இருந்தும் ஒன்றைக்கூட அமுக்கவில்லை. யாருக்கு வந்த கடிதமோ அவர் கைக்குப் போக வேண்டும். பிடிக்காத கடிதம், பிடித்த கடிதம் என்று பிரிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தார்.

சித்திரை மாத வெயிலில் நான் அவரைப் பார்க்கப் போனேன்.

"வாங்க ரிப்போர்ட்டர் தம்பி. மெட்ராசு எப்பிடி கீது?" என்று நாற்காலியைத் தள்ளினார். விசிறியைப் போட்டார். நான் இப்போது எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"தூங்குறாங்க, முழிச்சிகினு கீதுன்னு எழுதினது நீயா?"

"நான்தான்க்கா."

"தறி வூடு முழிச்சிகினுதான் இருக்கும்னு உனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல ஆறு வருஷம் இன்னாத்தப் பாத்த நீ?"

நான் சிக்கனம் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"சிக்கனம் வேணாம்னா சொல்றேன்? மிஷின எத்தினி தபா நிறுத்துறேன், நீயே பாத்துகீற. ஃபேனு பழசு, மாத்துன்னு சொல்லு, மாத்திக்கறேன். பல்பு குடுத்த, மாட்டிகினோம். பக்கத்து வூட்ட இன்னாத்துக்கு எம்மேல ஏவி வுடுற?" மூச்சு வாங்கியது. "மூஞ்சி வேற. சின்னப் புள்ளைங்க சிலேட்டுல போடற மூஞ்சி."

பிறகு நோட்டை எடுத்து, கதவு எண் 27 என்ற வரியில் விரலை வைத்தார்.

அது காந்தாம்மாவின் வீடு. அவர், அவர் மகன், போன ஆவணியில் கல்யாணமாகி தேசூரிலிருந்து வந்த மருமகள் ரேவதி. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் மகன் நெய்கிறான். இன்னொன்று காந்தாம்மாவின் கணவருடையது, அவர் காலமான பிறகு சும்மா கிடந்தது. பக்கத்து வீடு ஏழுமலையுடையது. ஐப்பசி மழையில், ஏழுமலை காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியில் தண்ணீர் ஊற்றெடுத்துவிட்டது. காந்தாம்மாதான் கூப்பிட்டார், எங்க வூட்டுல ஒரு தறி சொம்மாத்தானே கெடக்குது, வந்து போட்டுக்கோ என்று. ஏழுமலை தன் பாவு நூலை அந்தத் தறியில் ஏற்றினார். நூல் சுற்றும் சிறிய மோட்டாரையும் கொண்டுவந்தார். காலையிலிருந்து இரவு வரை அவருக்கென்று ஒரு டியூப்லைட், ஒரு விசிறி, அந்த மோட்டார்.

தறியில் உட்கார வந்தவரிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. தண்ணீர் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதுபோல் அது. யாரும் எழுதிவைத்ததில்லை. யாரும் மீறியதும் இல்லை.

தை மாதத்தில் முதல் கடிதங்கள் வந்தன. ஏழுமலை வீட்டுக்குப் பச்சை, காந்தாம்மா வீட்டுக்குச் சிவப்பு. ஏழுமலை தறியில் இருந்ததால் அவருடைய கடிதத்தை மகள் கையெழுத்துப் போட்டு வாங்கி எங்கேயோ சொருகினாள். காந்தாம்மா கடைக்கு வந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். 'ஒரு வருடத்தில் உங்கள் வீட்டுக்குப் புதிதாக என்ன வந்தது?' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அத்த இன்னொரு தபா படி."

படித்தார்.

"புதுசா வந்தது யாரு? அவதான்."

இவர் சிரித்துவிட்டாராம். "ஏம்மா, ரெண்டாவது தறி ஓடுது, மோட்டாரு சுத்துது, அது இன்னா கெரசின்லயா சுத்துது?"

காந்தாம்மா வாயில் கைவைத்தார். "தறிக்குக் குடுத்த வெளிச்சத்தச் சொல்லலாமா? நாக்கு அழுவிப்பூடும். அப்பிடியே இருந்தாலும் அதுல ஏழுமலைன்னு போட்டுகீதா? புதுசா வந்ததுன்னுதானே போட்டுகீது. நீதானே சொல்லுவ, எழுதினதப் படி, எழுதாதத சேக்காதன்னு?"

இருபது வருடமாக அந்தத் தெருவுக்கு இவர் சொல்லிக்கொடுத்ததை அந்தத் தெரு திருப்பிக் கொடுத்தது.

ஏழுமலையின் காதில் விழாதபடி சண்டை சமையலறைக்குள் நடந்தது. மிக்ஸி பரணுக்குப் போனது. ரேவதி அம்மியில் அரைத்தாள். இஸ்திரிப் பெட்டியைக் காந்தாம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார். பங்குனியில் இரண்டாவது கடிதம், மறுபடியும் சிவப்பு. ரேவதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் அறையில் விசிறியின் சுவிட்சுக்கு மேல் காந்தாம்மா பிளாஸ்திரி ஒட்டினார். இரண்டு கடிதங்களையும் சமையலறையில், காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார், உள்ளே வருகிற பெண்கள் பார்க்கட்டும் என்று. மகன் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் மதியம் ரேவதி தனியாகக் கடைக்கு வந்தாள். ஆணியிலிருந்து கழற்றிய கடிதம் கையில் இருந்தது.

"அக்கா, இதுல எம்பேரு எங்க கீது? காட்டுங்க."

இவர் உட்கார்ந்து, கண்ணாடி மாட்டி, முதல் வரியிலிருந்து அடியில் உள்ள நிபந்தனைகள் வரை படித்தார்.

"இல்லியேம்மா."

"இல்லாத பேரத்தான்க்கா எல்லாரும் படிக்கறாங்க" என்றாள். பிறகு, தேசூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, மேளத்தோடு அனுப்ப வேண்டிய பெண் ஐந்தாம் மாதம் ஒரு துணிப்பையோடு போனாள். இதைச் சொல்லிவிட்டு அவர் ஓலை விசிறியை எடுத்தார். விசிறவில்லை.

"அந்த லெட்டர அந்த வூட்டுக்குக் கொண்டும்போயிக் குடுத்தது நானு. எழுதினது நீ. நான் இன்னா செய்யணும்னு யோசிச்சிகினேகீறேன். நீ இன்னா செய்யணும்னு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்கக்கா."

"ஒரே ஒரு லெட்டரு. 'இந்த வீட்டில் ரெண்டு தறி ஓடுது, எங்க கணக்கு தப்பு, வீட்டுக்குப் புதுசா வந்த யாரும் இதுக்குக் காரணம் இல்ல.' அவ்ளோதான். மேல உங்க கம்பெனி பேரு இருக்கணும். காந்தாம்மா அச்சடிச்சதத்தான் நம்பும். ஏழுமலைய நம்ம வாயால இழுக்கவும் வேணாம். நானு போயிப் படிச்சிக் காட்டிட்டு, அடுத்த பஸ்ஸுல தேசூருக்குப் போயி அந்தப் பொண்ணக் கூட்டிகினு வந்துடுவேன்."

நான் ஒரு கணம் யோசித்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "எங்க லோகோ உங்ககிட்டயே இருக்கே அக்கா. நீங்களே அடிச்சா ஜல்தியா..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஜவுளிக்கடை முதலாளியின் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

"ஒரு வாரத்துல அனுப்பறேன்க்கா" என்றேன்.

நோட்டை என் பக்கம் திருப்பினார். பிறகு மூடிவிட்டார். "வாங்கறதுக்குத்தான் கையெழுத்து. சொல்றதுக்கு இல்ல."

சென்னையில் மேலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், அலுவலகத்தில் அவரே எழுந்துபோய் விளக்கை அணைப்பார். "ப்ரோ, ஒரு வீட்டுக்குத் தனியா லெட்டர் போட முடியாது. டெம்ப்ளேட்ல இருக்கறதுதான் போகும். ஒண்ணு தப்புன்னு எழுதிக் குடுத்தா மத்ததெல்லாம் சரியான்னு கேப்பாங்க. மாமியார் மருமகள் பிரச்சினை நம்ம ஸ்கோப்பே இல்ல." அந்த வரியையாவது எடுத்துவிடலாம் என்றேன். அவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். அந்த வரி இருந்த கடிதங்களுக்குத்தான் ஈடுபாடு அதிகம். அதை மற்ற ஊர்களுக்கும் சேர்க்கப்போவதாகச் சொன்னார்.

நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. எழுத வேண்டியது மூன்று வரி. நான் எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தைத் தவிர இதற்குக் காரணம் எதுவும் இல்லை. இருப்பதாக நானே பல தடவை எனக்கு விளக்கியிருக்கிறேன்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, பதில் அனுப்ப வேண்டாத முகவரிக்கு ஒரு பதில் வந்தது. 'கதவு எண் 27. கடிதம் வரவில்லை.' மறுநாள் பத்து மணிக்கு, 'கதவு எண் 27. இன்றும் வரவில்லை.' ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் வந்தது. நான் அந்தப் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் முழுவதும் படித்தேன். பதில் அனுப்பவில்லை.

வைகாசிக் கடிதங்கள் போன வாரத்தில் அந்தத் தினசரி வரி நின்றது. அதற்குப் பதிலாக ஒரு நீண்ட கடிதம் வந்தது. இந்த முறை தன் கடிதத்தை வாங்க ஏழுமலையே கடைக்கு வந்திருக்கிறார். பச்சை முகம். அண்டை வீடுகளைவிட நீங்கள் மிகக் குறைவு, வாழ்த்துகள் என்று இவர் படித்ததும், "எங்க வூட்டுல ஏன் கொறஞ்சிச்சு?" என்று கேட்டிருக்கிறார். "அது இதுல எழுதல" என்றிருக்கிறார் இவர். ஏழுமலை கடிதத்தை மடித்தார். "காந்தாம்மா வூட்டுக்கு இன்னா நெறம்?" என்று கேட்டார். அடுத்தவர் கடிதத்தில் இருப்பதை இவர் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சேலை பாதியில் இருந்தது. காந்தாம்மா வாசல்வரை ஓடிவந்து, நான் ஒண்ணும் சொல்லலியே, நான் ஒண்ணும் சொல்லலியே என்று அழுதார். ஏழுமலையின் தறிக்குழி இன்னும் காயவில்லை. அவர் இப்போது களம்பூரில் லாரிக்கு நெல்மூட்டை ஏற்றப் போகிறார்.

வழக்கமாக இருக்கும் கோரிக்கை எதுவும் அந்தக் கடிதத்தின் முடிவில் இல்லை.

ஆடி மாதக் கணக்கு வந்தபோது, ஆரணியிலேயே மிக அதிகமாக மின்சாரத்தைக் குறைத்த வீடு கதவு எண் 27. ஒரு தறி நின்றது, ஒரு மோட்டார் நின்றது, ஒரு பெண் இல்லை. மேலாளர் அதை வெற்றிக் கதையாகத் திரையில் போட விரும்பினார். தலைப்பு என்னிடம் கேட்டார். 'சிவப்பிலிருந்து பச்சைக்கு: ஒரு நெசவாளர் குடும்பத்தின் பயணம்' என்று எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உறையில் என் பெயர், பதவி, மாடி எண் எல்லாம் அவர் கையெழுத்தில். உள்ளே கதவு எண் 27க்குப் போன கடிதத்தின் அச்சு. சிரிக்கும் பச்சை முகம். கூடவே அந்த நீளமான நோட்டிலிருந்து அளவுகோல் வைத்துக் கிழித்த ஒரு தாள்.

'கதவு எண் 27. பொருள்: பாராட்டு. இந்த வீட்டில் இதைப் பெற்றுக்கொள்ள உரியவர் யாரும் இல்லை. தறிக்காரர் களம்பூரில் இருக்கிறார். மருமகள் தேசூரில் இருக்கிறார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. காந்தாம்மா இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மிச்சம் பிடித்தவர் தாங்களே என்பதால் இது தங்களிடம் சேர்ப்பிக்கப்படுகிறது.'

எங்கள் கடிதங்களில் அவர் கடைசியாகத் திறந்தது அதுதான்.

தாளை நான் இரண்டு தடவை படித்தேன். பெற்றுக்கொண்டவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. உறையோடு, கையெழுத்தோடு அவருக்கே திரும்பிப் போகும் ஓர் ஒப்புகை அட்டையும் இணைத்துத்தான் அனுப்பியிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே நான் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அஞ்சல்காரர் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.